புளி போட்டுத் தேய்க்காதீங்க!

போன மாதம் எங்கள் அம்பத்தூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது, காலஞ்சென்ற என் மாமியாரின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை, 1918-ம் வருஷம். கறுத்துக் கிடக்கிறதே என்று புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன்.

"லட்சக்கணக்கில் போகுமாம்மா, தரச் சான்றுக்கு அனுப்பலாம்" என்றான் மகன். கட்டணத்துக்காகச் சீட்டுப் பணத்தில் கை வைக்கப் போனேன். எதற்கும் இருக்கட்டுமென்று முதலில் பாரிமுனையில் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் காட்டினோம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "1918-ல இதைக் கோடிக்கணக்குல அடிச்சாங்கம்மா. எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். ஆறாம் ஜார்ஜ் போட்ட 1939 ரூபாய்னா அபூர்வம், சான்று வாங்கலாம். சான்று காசோட நிலையைத்தான் சொல்லும்; சாதாரணக் காசை அபூர்வமாக்காது. நீங்க தேய்ச்சதுல அந்த நிலையும் போச்சே!" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

தோழிகளே, பழங்காசு கிடைத்தால் வருஷத்தைப் பாருங்கள், தேய்க்காதீர்கள். முன்பணம் கட்டினால் விற்றுத் தருவதாக ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படிக் கமிஷன் கேட்பதில்லை என்று 2021-லேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது.

சீட்டுப் பணம் தப்பியது. மாமியாரின் ரூபாய் இப்போது பூஜை அறையில், மஞ்சள் துணிக்குள் பத்திரமாக இருக்கிறது.

– வாசகி, அம்பத்தூர்.