அச்சுக்கலை பயில விரும்புவோர்க்குச் சில நூல்கள்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாணவர் சிலர், “சேர், வரைகலை வடிவமைப்புப் படிக்க விரும்புகிறோம், எந்த வகுப்பிற் சேரலாம்?” என்று ஆண்டுதோறும் என்னிடம் வினவுவதுண்டு. வகுப்புக்கள் பல உள. மூன்று மாதத்திற் கணினிச் செயலியொன்றைக் கையாளப் பயிற்றிச் சான்றிதழும் வழங்குவர். அது வேண்டத்தக்கதே. ஆயினும், எந்த விசையை அழுத்தினால் எழுத்துப் பெரிதாகும் என்பதை அறிந்து வெளியேறும் மாணவன், அவ்வெழுத்து ஏன் பெரிதாதல் வேண்டும், எவ்வளவிற்குப் பெரிதாதல் வேண்டும் என்பதை அங்கு அறிந்துகொள்வது அரிது. செயலிகளோ சில ஆண்டுகளுக்கொருமுறை உருமாறுவன. ‘பேஜ்மேக்கர்’ என்னும் செயலி ஒரு காலத்தில் அச்சகங்களிற் கோலோச்சியது. இன்று அதனைத் தேடிப் பயில்வார் இலர். 1906ஆம் ஆண்டில் லண்டனில் எட்வேர்ட் ஜோன்ஸ்ரன் எழுத்துக்கலை பற்றி எழுதிய நூலோ இன்றும் பயிலப்படுகின்றது. ஆகையால் வகுப்பைப் பற்றி வினவுவோர்க்கு நான் நூல்களைப் பற்றியே விடையிறுப்பது வழக்கம்.

முதலில் வாசிக்கத் தக்கது றொபின் வில்லியம்ஸ் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி நொன்-டிசைனர்ஸ் டிசைன் புக்’ என்னும் எளிய நூலாகும். இவர் அமெரிக்க ஆசிரியை. அதே பெயருடைய திரைப்பட நடிகரல்லர். நான்கே விதிகளை இவர் கூறுகின்றார். தொடர்புடையவற்றை அருகருகே வைத்தல், ஒன்றோடொன்று ஓரம் ஒத்திருக்க நிறுத்தல், எடுத்துக்கொண்ட வடிவத்தை மீளமீளக் கையாளுதல், வேறுபடுத்த விரும்பியவற்றைத் துணிந்து வேறுபடுத்தல் என்பன அவை. இவற்றை அறிந்தபின், வீட்டிலுள்ள கும்பாபிஷேக அறிவித்தல் ஒன்றையோ கல்யாண அழைப்பிதழ் ஒன்றையோ எடுத்துப் பாருங்கள். ஆறேழு வகை எழுத்துக்கள். ஒவ்வொரு வரியும் நடுவில். மூலைக்கு மூலை பூவேலை. நாள் யாது, நேரம் யாது, மண்டபம் எங்குளது என்பதைக் கண்டுபிடிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். நான்கு விதிகளையுங் கொண்டு அதே அழைப்பிதழைத் திருப்பி அமைத்துப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதுக்கு நல்ல பயிற்சி.

அடுத்து, இத்துறையிலே தலையாயதென நான் மதிக்கும் நூல்: றொபேட் பிறிங்கேர்ஸ்ற் 1992இல் வெளியிட்ட ‘தி எலிமென்ற்ஸ் ஒவ் ரைப்போகிறபிக் ஸ்ரைல்’. ஆசிரியர் கனடாவில் வாழும் கவிஞர். கவிஞர் எழுதியமையால் நடையும் இனிது. ஆயினும் சொல்லப்படுவன யாவும் அளவும் கணக்குமே. ஒற்றைப் பத்தியாக அமையும் ஆங்கிலப் பக்கத்தில் வரியொன்றுக்கு, சொல்லிடைவெளிகளையும் சேர்த்து, 45 முதல் 75 வரை எழுத்துக்கள் இருத்தல் நன்றென்றும், 66 மிகப் பொருந்துமெனப் பலரும் கருதுவரென்றும் காட்டுகின்றார். வரி அதற்கு மேல் நீண்டால் கண் அடுத்த வரியின் தலைப்பைத் தேடித் தடுமாறும். குறுகினால் வாசிப்பு வெட்டுண்டு போகும். விதிகளைச் சொல்லுமிடத்து, அவற்றை எப்போது மீறலாம் என்பதையும் உடன் சொல்லுவது இந்நூலின் சிறப்பு.

விதியை மீறுவது பற்றிப் பேசும்போது யான் சிக்கோல்ட் என்பாரின் வரலாற்றை மாணவர் அவசியம் அறிதல் வேண்டும். 1902இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே, பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1928இல், தமது 26ஆம் வயதில், ‘டீ நொயே ரிப்போகிறபீ’ எனும் நூலை வெளியிட்டார். புதிய அச்சுக்கலை என்பது அதன் பொருள். நூற்றாண்டுகளாக அச்சாளர் போற்றிய நடுக்கோட்டுச் சமச்சீரைத் தள்ளுக, அலங்காரங்களைக் களைக, வெற்றிடத்தையும் ஓர் உறுப்பாக ஆள்க என்பது அதன் போதனை. 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் கைது செய்யப்பட்டார். சில வாரங்களின் பின் விடுதலை பெற்றுக் குடும்பத்துடன் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். அங்கிருந்த காலத்தில் அவர் கருத்து மாறிற்று. நெடிய நூலை வாசிப்போர்க்குப் பழைய சமச்சீர் முறையே பெரும்பாலும் உகந்ததென்று கண்டார். தமது இளமை நூலின் விடாப்பிடியையும் நாசிகளின் விடாப்பிடியையும் ஒரே இனமெனக் கண்டு கூறவும் அவர் தயங்கவில்லை. முன்னாளில் அவரைப் பின்பற்றியோர் துரோகமென்று கடிந்தனர்.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பென்குயின் நிறுவனத்தின் நூல்களைச் செப்பனிட அவர் அழைக்கப்பட்டார். மலிவு விலை நூல்கள், பல அச்சகங்கள், அச்சகத்துக்கோர் வழக்கம். அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அச்சுக்கோப்பாளருக்கென நான்கே பக்கத்தில் விதிகள் எழுதி எங்கும் அனுப்பியது. சொற்களுக்கிடையே வெளியை இயன்றவரை குறைக்க. பந்தியின் முதல் வரியை உள்ளே தள்ளுக. பெரிய ஆங்கில எழுத்துக்களைச் சற்று விலக்கி வைக்க என இத்தகைய சிறு விதிகள். ஒரு சில பென்சுக்கு விற்ற நூல், விலையுயர்ந்த நூலினும் செவ்விதாக அமையலாம் என்பதை அந்நான்கு பக்கங்கள் மெய்ப்பித்தன. 1928ஆம் ஆண்டு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. பிற்காலக் கட்டுரைகள் ‘தி போம் ஒவ் த புக்’ என்ற தொகுப்பில் உள. இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவன், ஒரே மனிதர் தம்மோடு தாமே வழக்காடுவதைக் காண்பான். ஒன்றை மட்டும் வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பியாற்றிஸ் வோட் அம்மையார் 1930இல் நிகழ்த்திய உரையொன்றும் புகழ்பெற்றது. ‘தி கிறிஸ்ரல் கொப்லெற்’ என்ற பெயரில் அது நூலிலும் இடம்பெற்றது. நல்ல மதுவின் சுவையறிந்தவன் பொற்கிண்ணத்தை விடுத்துப் பளிங்குக் கிண்ணத்தையே நாடுவான். அச்சும் அவ்வாறே பொருளை மறையாது காட்டல் வேண்டும் என்பது உரையின் கருத்து. மது ஒவ்வாத நேயர் இளநீரை வைத்து எண்ணிக்கொள்க. சுவிஸ் ஆசிரியர் யோசெப் முல்லர்-புறொக்மன் 1981இல் வெளியிட்ட ‘கிறிட் சிஸ்ரம்ஸ்’, பக்கத்தைக் கட்டங்களாகப் பகுத்துப் படமும் எழுத்தும் பொருத்தும் முறையை ஜேர்மன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் விளக்குகின்றது. பத்திரிகைத் துறைக்குச் செல்வோர்க்கு உதவும். ஏனையோர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர் பெரும்பாலும் புறக்கணிக்கும் பகுதி அச்சகத்தினுள்ளே நிகழ்வது. இதற்கென ஒரு கைநூல் உண்டு. ‘பொக்கெற் பால்’ என்பது அதன் பெயர். அமெரிக்கக் கடதாசி நிறுவனமொன்று 1934இல் முதன்முதல் வெளியிட்டுப் பன்முறை திருத்திப் பதிப்பித்தது. கடதாசி, மை, தகடு, மடிப்பு, கட்டு யாவும் அதிலுள. ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 8 இதழ், அதாவது 16 பக்கம். ஆகவே 96 பக்க நூலுக்கு ஆறு தாள் அளவாகப் போதும். 100 பக்கமாயின் நான்கு பக்கத்துக்காக இன்னொரு தாள் ஏற்ற வேண்டும். கடதாசியின் அளவிலும் அழகிய கணக்கு உளது. ஜேர்மனியில் 1922இல் நியமமாக்கப்பட்ட முறைப்படி ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. எனவே சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றின் நிறை 5 கிராம். அதன் பாதியளவில் 96 பக்க நூல், அட்டை நீங்கலாக, 120 கிராம் நிறுக்கும். தபாற் செலவை அச்சேற்றுமுன்னரே மதிப்பிடலாமன்றோ! தாளில் நார் ஓடும் திசை நூலின் முதுகுக்கு ஒத்துச் செல்லல் வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விறைத்து நின்று தானே மூடிக்கொள்ளும். கிழித்துப் பார்த்தால் நார்த்திசையில் நேராகக் கிழியும்.

இவையெல்லாம் நுணுக்கமென்று தள்ளத்தக்கன அல்ல. நம்மூர் இளைஞர் பலருக்கு முதலிற் கிடைக்கும் பணி, 31ஆம் நாள் நினைவு மலராகவே இருத்தல் கூடும். கைத்தொலைபேசியில் வந்த படத்தின் அகலம் 900 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சு வழக்கின்படி அது மூன்று அங்குலத்துக்கே போதும்; முழுப் பக்கத்துக்கு இழுத்தால் முகம் கலங்கும். திரையில் ஒளியாற் காணும் நிறம், கடதாசியில் நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளாற் பிறப்பது; மையை உறிஞ்சுங் கடதாசியிற் புள்ளிகள் பரந்து, நிழல் மேலும் இருளும். அந்தியேட்டிக்கு முதல் நாள் இரவு கட்டுக்கட்டாக வந்திறங்கிய மலரில் தந்தையின் முகம் கருநிழலாகத் தோன்றினால், அக்குடும்பத்துக்கு மறு அச்சுக்கு நாளில்லை. முன்னரே ஒரு பிரதி எடுத்து, அச்சிடப் போகும் அதே கடதாசியில் பார்த்திருந்தால் இது நேராது.

இனி, இந்நூல்களை வாசிக்கும் தமிழ் மாணவன் மறவாதிருக்க வேண்டியதொன்று. இவை உரோமன் எழுத்துக்காக எழுதப்பட்டன. 66 எழுத்து என்னும் அளவைத் தமிழுக்கு அப்படியே கொள்ளலாகாது. ‘எழுதிக்கொண்டிருக்கின்றார்கள்’ என்பது ஒரே சொல், எழுத்து 15. ஒடுங்கிய பத்தியில் இரு ஓரமும் ஒத்திருக்கச் செய்தால், இத்தகைய சொல் அடுத்த வரிக்குத் தள்ளுண்டு, முன் வரியில் ஓட்டைகளை விட்டுச் செல்லும். மேலே விசிறியும் சுழியும், கீழே உகர ஊகாரக் கீற்றுக்களும் உள்ளமையால் வரிகளுக்கிடையே வெளி கூடுதலாக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பதன் கொம்பும் ககரமும் அரவும் தனித்தனி உறுப்புக்கள். ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் எழுத்திடை வெளியை அகற்றினால் ஓரெழுத்து மூன்றாகச் சிதறும். பெரிய எழுத்தென்றும் சிறிய எழுத்தென்றும் நமக்கில்லை. ஆதலின் தலைப்பை வேறுபடுத்த ஆங்கிலேயர் கையாளும் வழிகளுட் பாதி நமக்கு உதவா. அளவாலும் தடிப்பாலும் வெற்றிடத்தாலுமே அது செய்யத்தக்கது.

இவற்றுக்கு விடை மேற்கூறிய நூல்களில் இல்லை. வினவும் முறைதான் உண்டு. ஒரு பந்தியை மூன்று வரியகலங்களில், மூன்று வரியிடைவெளிகளில் அச்சிட்டு, வீட்டில் ஆச்சியிடமும் தம்பியிடமும் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடக்குகின்றனர், எங்கே ஒரே வரியை இருமுறை வாசிக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜோன்ஸ்ரனின் நூலை இணைய நூலகங்களிற் பொருட்செலவின்றிப் பெறலாம். ஏனையவை விலை கூடியவை. பழைய பதிப்பாயினும் குறையில்லை. ஒன்றுக்கே பணமுண்டெனின் பிறிங்கேர்ஸ்ற்றை வாங்குக. இரண்டுக்கெனின் ‘பொக்கெற் பால்’ அடுத்தது. சிக்கோல்டைக் கல்லூரி நூலகம் வாங்கட்டும்.