மந்த காலத்தில் காசும் காணியும்

சிலாபம் பட்டினத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் முன்னேஸ்வரத்தை அடையலாம். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியிருக்கும் இத்தலத்திற்குத் தமிழர், சிங்களவர் என்ற வேற்றுமையின்றி மக்கள் வருகின்றனர். கோவிலைக் கடந்து எத்திசை நோக்கினும் தென்னையே தென்படும். சிலாபம், குருநாகல், கொழும்பு ஆகியவற்றை இணைத்துத் ‘தெங்கு முக்கோணம்’ என்று வழங்கும் நிலப்பரப்பின் மேற்கு விளிம்பு இது. இங்குள்ள ஒரு குடும்பத்தின் நிலைமையை வினவினால், கையிலுள்ள பணத்தை எவரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. காணி எத்தனை ஏக்கர், ஒரு பறிப்புக்குக் காய் எத்தனை என்பதே விடையாக வரும். பறிப்பு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை. ஆகவே ஆண்டுக்கு ஆறு தடவை காசு வரும். இடையிலுள்ள நாள்களைக் கூலியும் கடனும் சேர்ந்து கடத்தும்.

இத்தகைய குடும்பத்திற்கு உடைமை மூன்று: காசு, காணி, கை உழைப்பு. நல்ல காலத்தில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இவற்றிடையே வேற்றுமை தெரிவதில்லை. காணியில் காய் விழும், காய் காசாகும், காசு கூலியாகும். மந்தம் வந்தவுடன் மூன்றும் பிரிந்து நிற்கும். இதில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. ஒவ்வொரு மந்தத்திலும் ஒரே பொருள் வீழ்வதில்லை. ஒரு காலத்தில் விளைபொருளின் விலை வீழ்ந்து காசு கனக்கும். மற்றொரு காலத்தில் காசே வீழ்ந்து பொருளின் விலை ஏறும். முதலாவதில் கடன்பட்டவன் அழிவான். இரண்டாவதில் காசாகச் சேமித்தவன் அழிவான். இக்கரையோரம் இவ்விரண்டையும் கண்டிருக்கிறது.

முதலாவது, 1929ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ச்சியோடு தொடங்கிய உலகப் பெருமந்தம். நியூயோர்க்கில் பங்கு விலை சரிந்தால் சிலாபத்தில் தேங்காய் விலை ஏன் சரிய வேண்டும் என்று அக்காலத்தவர் வியந்திருக்கக்கூடும். காரணம் எளியது. இங்கு வாட்டிய கொப்பரையிலிருந்து எடுத்த எண்ணெய், மேல்நாட்டுச் சவர்க்கார ஆலைகளுக்கும் மாஜரின் ஆலைகளுக்கும் சென்றது. அந்த ஆலைகள் வாங்குவதைக் குறைத்தபோது கொப்பரை தேங்கிற்று. கொப்பரையைக் ‘கண்டி’ என்னும் நிறையில் விற்பது வழக்கம். ஒரு கண்டி 560 இறாத்தல். அதே கண்டியை நிரப்ப அதே ஆயிரத்துக்கு மேற்பட்ட காய்களை உரித்து உடைத்து வாட்ட வேண்டியிருந்தது. கிடைத்த பணமோ முன்னைய பணத்தில் ஒரு சிறு பங்கு.

விலை மட்டும் வீழ்ந்திருந்தால் குடும்பங்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு பிழைத்திருக்கும். தேயிலையைப் போலன்றித் தெங்கு பெரும்பாலும் இந்நாட்டவர் கையிலேயே, சிறு சிறு காணிகளாக இருந்தது. வீட்டு முற்றத்துத் தேங்காய் விலைபோகாவிடினும் கறிக்கு உதவும். குடும்பங்களை வீழ்த்தியது காணியின்மேல் இருந்த ஈடு. கணக்கின் எளிமைக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒருவர் தம் காணியை ஈடுவைத்து ஆயிரம் ரூபா வாங்கியிருந்தார் என்க. ஆயிரம் காய் ஐம்பது ரூபா விற்ற நாளில் அந்தக் கடன் இருபதாயிரம் காய்க்குச் சமம். ஆயிரம் காய் இருபது ரூபாவுக்கு இறங்கிய நாளில் அதே கடன் ஐம்பதாயிரம் காயாகிவிடுகிறது. அவர் புதிதாக ஒரு சதமேனும் வாங்கவில்லை. தென்னை ஒன்றும் பட்டுவிடவில்லை. எழுதிய உறுதியில் எண் மாறவில்லை. அந்த எண்ணின் கனமே மாறிற்று. வட்டியும் அவ்வாறே கனத்தது.

கடன் கொடுத்தவர்களுள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதன்மையானவர்கள். மேல்நாட்டு வங்கிகள் சிறு காணிக்காரரைத் தம் வாயிற்படியில் ஏற்காத காலம் அது. செட்டியார்களே அந்த வங்கிகளில் கடன் பெற்று, அதனைக் கூடிய வட்டிக்கு உள்நாட்டாருக்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டிலேயே ஒரு நெருக்கடியால் இத்தொடர்பு ஆட்டங்கண்டிருந்தது. மந்தம் வந்தபோது வங்கிகள் கையை இறுக்கின. செட்டியார் காணியைக் கவர்ந்தார் என்று அக்காலத்தில் பெரும் பழி எழுந்தது. அப்பழியில் ஒரு பகுதியே உண்மை எனலாம். அவருக்கு வேண்டியிருந்தது வட்டியோடு திரும்பும் காசு; கிடைத்ததோ விலைபோகாத தென்னந்தோட்டம். தோட்டத்தைக் கொண்டு வங்கிக் கடனைத் தீர்த்தல் இயலாது. இழந்தவனுக்கு இந்த நியாயம் ஆறுதலாகாது என்பதும் மெய்யே.

மந்தம் தனியே வரவில்லை. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் குன்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் மடிந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். காணி கடனிலும், காசு விலை வீழ்ச்சியிலும் போக, எஞ்சியிருந்த கை உழைப்பையும் காய்ச்சல் முடக்கிற்று.

அரசு விழித்துக்கொண்டது, ஆனால் மெதுவாக. 1931இல் அரச ஈட்டு வங்கி தோன்றிற்று. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்து, அரசின் துணையோடு உள்நாட்டு வங்கி வேண்டுமென்றது. இலங்கை வங்கி 1939இல் திறக்கப்பட்டது. கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் இணக்கி வைக்கும் சட்டம் 1941இலும், கடனுக்குப் பறிபோன விளைநிலங்களை அரசு கையேற்று மீட்டுக் கொடுப்பதற்கான நில மீட்புச் சட்டம் 1942இலும் வந்தன. விலை வீழத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மீட்பு, இடையிலே காணியை விட்டுக் கூலிக்குப் போன குடும்பத்திற்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்த அனுபவத்திலிருந்து தென்னந்தோட்டக் குடும்பங்கள் பல கற்றுக்கொண்ட பாடம், ‘கடன் படாதே, காசைச் சேர்த்து வை’ என்பது. வீழ்ந்த விலைகளின் காலத்திற்கு அது முற்றிலும் பொருந்தும். பேரப்பிள்ளைகளின் காலத்தில் வந்த நெருக்கடியோ தலைகீழானது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாவை எட்டிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு எழுபது அளவு உயர்ந்திருந்தது; உணவு விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இதன் பொருளைச் சேமிப்புப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்று இலட்ச ரூபாவை வைப்பிலிட்டிருந்தால், ஓராண்டில் அந்த இலட்சம் பழைய 59,000 ரூபா வாங்கிய பொருளையே வாங்கிற்று. எவரும் திருடவில்லை. புத்தகத்தில் எண் அப்படியே இருந்தது. முன்னர்க் கடனின் எண் கனத்தது போல, இப்போது சேமிப்பின் எண் இலேசாயிற்று.

அப்படியாயின் கடன்பட்டவருக்கு இது நற்காலமா? நிலையான வட்டிக்குப் பழைய கடன் வைத்திருந்து, வருவாயும் விலைகளோடு ஏறியவருக்கு ஓரளவு நன்மையே. அத்தகையோர் எத்தனை பேர்? மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8ஆந் திகதி கொள்கை வட்டியை ஒரே நாளில் நூற்றுக்கு 7 வீதம் ஏற்றிற்று. அரசின் திறைசேரி உண்டியல் வட்டி பின்னர் 30 வீதத்தையும் கடந்தது. மாறும் வட்டிக்குக் கடன் வாங்கியோரின் தவணை, சம்பளம் அசையாதிருக்கத் தான் மட்டும் பாய்ந்து ஏறிற்று. ஆகவே மந்த காலத்தில் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது கடனின் தொகையையன்று; வட்டி நிலையானதா மாறுவதா என்று கூறும் வரியையே. பெரும்பாலோர் படிக்காமற் கையொப்பமிடும் வரியும் அதுவே.

இரு நெருக்கடிகளிலும் ஒரே விதமாக நடந்துகொண்டது நகை. 1931இல் பிரித்தானியா பொன் நியமத்தைக் கைவிட்டபின் பொன்னின் விலை ஏறிற்று. இந்தியாவிலிருந்து குடியானவர்களின் நகைகள் உருகிக் கப்பலேறின. 2022இலும் ரூபாவின் வீழ்ச்சியோடு பவுண் விலை ஏறியது. பெண்களின் கழுத்திலும் கையிலும் இருப்பது அலங்காரம் மட்டுமே என்று ஏளனம் செய்வோர் இக்கணக்கை எண்ணுவதில்லை. காணியைப் பகுதி பகுதியாக ஈடுவைக்க எளிதில் இயலாது. ஒரு சோடிக் காப்பை மாத்திரம் வைக்கலாம், மீட்கலாம். ஆயினும் இங்கும் ஒரு பொறி உண்டு. பவுண் விலை ஏறியதும், முன்பு வைத்த அதே நகைக்கு மேலும் பணம் பெறலாம் என்ற நிலை வந்தது. மறு அடகு வைத்தவர், நகை மீட்கும் தொகையைத் தம் எட்டுக்கு அப்பால் தாமே தள்ளிவிட்டவராவார்.

காணியின் கதை இம்முறை சற்று மறைவாக நடந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது விலை எட்ட முடியாததாகிவிட்டது. நெல் வயலில் உரமில்லாக் குறை அந்தப் போகத்திலேயே தெரிந்தது. தென்னையின் கடிகாரம் வேறு. பூங்கொத்து மரத்தின் குருத்தினுள் கருக்கொள்வதிலிருந்து காய் முற்றுவது வரை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் செல்லும். ஆகவே 2022இல் உரத்திற்கான காசை மீதம் பிடித்த குடும்பம் அவ்வாண்டு எதையும் இழக்கவில்லை. முன்னைய உரத்தின் காய்களையே பறித்தது. குறை பின்னரே வந்தது. வறட்சியும் வெப்பமும் வெண்ணிற ஈயும் அதனோடு சேர்ந்துகொள்ள, 2024ஆம் ஆண்டின் இறுதியையடுத்து ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தொட்டது. விலை உச்சத்தில் நின்ற அந்நாளில் விற்கக் காய் இல்லாதவரே பலர். லுணுவிலையில் 1929இல், அதாவது முதல் மந்தம் தொடங்கிய அதே ஆண்டில் நிறுவப்பட்ட தெங்கு ஆராய்ச்சி நிலையம் உரமிடுதலின் அவசியத்தை நெடுங்காலமாகக் கூறி வந்திருக்கிறது. பசித்த வீட்டில் மூன்றரை ஆண்டுக் கணக்கு எடுபடுவது எளிதன்று.

இனி உழைப்பு. கடற்கரையில் நெருக்கடி மண்ணெண்ணெயாக வந்தது. சிறு வள்ளங்களின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022இன் நடுப்பகுதியில் அது கிடைக்கவில்லை, ஆகஸ்டில் கிடைத்தபோது இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. சிலாபத்திற்கு வடக்கே உடப்பு முதலிய ஊர்களின் கரைவலைத் தொழிலில் கூலி நாட்கணக்கில் இல்லை; பாட்டில் வந்த மீனைச் சம்மாட்டிக்கும் வலை இழுப்போருக்கும் பங்காகப் பிரிப்பது மரபு. மீன் குறைந்தால் எல்லோர் பங்கும் குறையும். இது ஆலையின் முறையிலிருந்து பெரிதும் வேறானது. ஆலை வியாபாரம் குறைந்தால் கூலியை அப்படியே வைத்து ஆளைக் குறைக்கும். கரைவலை ஆளை வைத்துக்கொண்டு பங்கைக் குறைக்கும். பங்கு முறையில் எவரும் செல்வராவதில்லை என்பது உண்மை. மந்தத்தில் ‘நாளை வராதே’ என்ற சொல்லை எளிதிற் கேட்க வேண்டியதில்லை என்பதும் உண்மை.

மற்றொரு வழி நாட்டை விட்டுப் போதல். 2022இல் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து சென்றோர் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டவர். தெற்கே வென்னப்புவைப் பகுதியிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அங்கு எழுந்துள்ள மாடி வீடுகள் அதற்குச் சாட்சி. உழைப்பை டொலருக்கோ யூரோவுக்கோ விற்றவர், ரூபா வீழ்ந்த காலத்தில் வீட்டாரைக் காத்தார். ஆனால் பயணச் செலவுக்கு அவர் ஈடுவைத்தது எது? அநேகமாக அதே காணி.

ஆகவே பேச்சு மீண்டும் உறுதியில் வந்து நிற்கிறது. இந்நாட்டில் ‘நிபந்தனைக் கைமாற்றம்’ என்றொரு முறை உண்டு. கடன் வாங்குபவர் காணியை விற்றதாகவே நொத்தாரிசு முன் எழுதிக் கொடுப்பார். குறித்த காலத்துள் பணத்தைத் திருப்பினால் மீட்டுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. கொடுத்தவர் நல்லவர், பல காலம் பழகியவர் என்பதால் தவணை கடந்தாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். தவணை கடந்தபின் அவ்வுறுதி விற்பனையாகவே நின்றுவிடும். 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கடன் இணக்கச் சபை இத்தகைய முறைப்பாடுகளை இன்றும் ஏற்கிறது. ஆயினும் மீட்கும் தவணை முடிவதற்கு முன்பே அதனிடம் செல்ல வேண்டும். சபை உண்டென்பதை அறியாதவர் பலர். அறிந்தும் உறவு கெடுமென்று நாணித் தவணையைக் கடத்திவிட்டுச் செல்வோர் அவரினும் இரங்கத்தக்கவர்.

வங்கிக்கு வைத்த ஈட்டின் நிலை வேறு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் தவறினால் வழக்கின்றியே ஈட்டை ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. ‘பராட்டே’ என்று வழங்கும் இந்த அதிகாரத்தை, நெருக்கடியில் நொடித்த தொழில்களின் வேண்டுகோளை ஏற்று, அரசு 2024இல் அவ்வாண்டு டிசெம்பர் வரை நிறுத்திவைத்தது. பின்னர் அந்த அவகாசம் 2025 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. அவகாசம் ஓடிய அத்தனை மாதமும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.