மெலிந்த உடலும் மிகுந்த கொழுப்பும்: வளர்சிதைமாற்ற நோய்களின் உடலியங்கியலைக் கற்பித்தலில் ஒரு சிக்கல்

பல்கலைக்கழகங்களில் உடற்பருமன் குறித்த உடலியங்கியல் பாடம் பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருபடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்டலே மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். 'சராசரி மனிதன்' எத்தகையவன் என்பதே அவரது தேடல். 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். மக்கள்தொகையை அளக்கப் பிறந்த ஒரு கருவி தனிமனிதரின் நோயைக் கணிக்கப் பயன்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

2004இல் 'லான்செட்' இதழில் வெளியான ஒரு சிறு குறிப்பு இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இரு மருத்துவர்களுக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே: 22.3. எனினும் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையதோ 21.2 விழுக்காடு.

இவ்வேறுபாடு நோயாக மாறும் வழியை விளங்கிக்கொள்ள, கொழுப்புத் திசுவைப் பற்றிய பழைய கருத்து மாற வேண்டும். அது வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. நாளமில்லாச் சுரப்பியும் ஆகும். அதில் சுரக்கும் லெப்டின் 1994இல் கண்டறியப்பட்டது. தோலடிக் கொழுப்புத் திசு உபரி ஆற்றலைப் பாதுகாப்பாக ஏற்றுக்கொள்ளும் வரை பெருந்தீங்கு இல்லை. அதன் கொள்ளளவு நிரம்பியபின் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படிகிறது; அங்கு இன்சுலினின் ஆணை செல்லுபடியாகாது போகிறது. கொழுப்புத் திசு ஏறக்குறைய முற்றிலும் இல்லாத லிப்போடிஸ்ட்ரோபி நோயாளரிடம் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு காணப்படுவது இதற்குத் தக்க சான்று. வெண்கொழுப்பு அறவே இல்லாத எலிகளுக்கு இயல்பான எலிகளின் கொழுப்புத் திசுவைப் பொருத்தியபோது அவற்றின் நீரிழிவு நீங்கியதை 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கொழுப்பைச் சேர்த்ததால் நோய் தணிந்தது என்பது மாணவர் பலருக்கு முதலில் முரணாகவே தோன்றும். கேடு கொழுப்பின் அளவில் மட்டும் இல்லை. அது தங்கும் இடத்திலும் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாக விளக்கும் சோதனை வேறில்லை எனலாம்.

தமிழில் கற்பிக்கும்போது மற்றோர் இடர் உண்டு. உணவிலுள்ள எண்ணெய்ப் பொருள், உடல் திசு, கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றையும் 'கொழுப்பு' என்னும் ஒரே சொல் சுட்டுகிறது. போதாக்குறைக்குப் பேச்சு வழக்கில் அது திமிரையும் குறிக்கும். பருத்த உடலினரை ஒழுக்கக் குறையுடையவராகக் காணும் மனப்போக்குக்கு இச்சொல்லும் துணைபோகிறது. கொழுப்புத் திசு, கொழுப்பமிலம், கொலஸ்ட்ரால் எனப் பிரித்து வழங்குவது கலைச்சொல் பிடிவாதம் அன்று, பொருள் தெளிவுக்கான தேவை.

மெலிந்த தோற்றத்தில் மிகுகொழுப்பு என்னும் இவ்வமைப்பு கருவிலேயே தொடங்குவதாகப் புனே ஆய்வுகள் கருதுகின்றன. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. எடை இவ்வளவு குறைந்தும் தோள்பட்டைக்குக் கீழுள்ள தோலடிக் கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை. தசையே பெரிதும் குறைந்திருந்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. எண்ணைத் தாழ்த்துவது உதவும், ஆனால் போதாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வில், குறியெண் 25ஐ எல்லையாகக் கொண்ட பொதுப் பருமன் 28.6 விழுக்காடு; இடுப்புச் சுற்றளவால் கணித்த வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. பொதுப் பருமனுடையோர் அனைவருக்கும் வயிற்றுப் பருமனும் உண்டு என்று கொண்டாலும், நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் குறியெண்ணின் கண்ணில் படாமல் தப்புகின்றனர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே அங்குக் கொள்ளப்பட்ட எல்லை. அதை அளக்க ஓர் அளவுநாடா போதும். செய்முறை வகுப்பில் எடைப்பொறிக்கு முன்பே அது மாணவர் கைக்கு வரவேண்டும்.