20 யூனிட்னா எவ்வளவு?

இந்த எபிசோடில் கோடிங் இல்லை, ஸ்டார்ட்அப் கதையும் இல்லை. ஒரு சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க, விஷயம் சீரியஸ்.

எங்க பாட்டிக்குச் சர்க்கரை. தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின். அம்மா ஊருக்குப் போயிருந்தபோது ஊசி போடும் வேலை என் கைக்கு வந்தது. வீட்டில் சிரிஞ்ச் தீர்ந்துபோக, மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச் குடுங்க"ன்னு கேட்டு வாங்கி வந்தேன். 20 என்ற கோடு வரை இழுத்தேன், போட்டேன். நாலே நாளில் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. பாட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்கிறார், பாத்ரூமுக்கு நடக்கிறார். யாருக்கும் தெரியாமல் மைசூர்பாக் சாப்பிடறாங்கன்னு நினைத்தேன். திட்டவும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி பொண்ணு வந்தாள். பி.எஸ்சி. நர்சிங், இரண்டாம் வருஷம். நான் மருந்து எடுப்பதைப் பார்த்தவள், "அண்ணா, நில்லு. மூடி ஏன் ஆரஞ்சா இருக்கு?" என்றாள். "ஏன், கலர் பிடிக்கலையா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்று இருந்தது.

விஷயம் இதுதான். நம்ம ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் மி.லி.க்கு 100 யூனிட். அதனால் சிரிஞ்சும் இரண்டு வகை. யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி. அந்தந்த மருந்துக்கு அந்தந்த சிரிஞ்ச் என்றால்தான் அதிலுள்ள கோடு உண்மை பேசும்.

என் கணக்கைப் பாருங்க. 40 யூனிட் பாட்டிலில் 20 யூனிட் என்றால் 0.5 மி.லி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மி.லி. ஆக, பாட்டிக்குப் போனது வெறும் 8 யூனிட்.

இதையே தலைகீழாக யோசிங்க. பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு வரை எடுத்தால் 50 யூனிட். இரண்டரை மடங்கு! வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என்னை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. மறுநாள் டாக்டரைப் பார்ப்பதாக இருந்தோம். "20 போட்டும் 300 சார்"னு சொல்லியிருப்பேன். அவரும் நியாயமாகவே அளவை ஏற்றியிருப்பார். அப்புறம் அம்மா வந்து, சரியான சிரிஞ்சில் அந்த ஏற்றிய அளவைப் போட்டிருப்பார். டாக்டர் மேலும் தப்பில்லை, அம்மா மேலும் தப்பில்லை. ஆனால் பாட்டி மயங்கி விழுந்திருப்பார்.

நர்சிங்கில் முதலில் சொல்லித் தருவது ஐந்து 'சரி': சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம். லேபிளை மூன்று முறை படிக்கணும்: எடுக்கும்போது, தயார் செய்யும்போது, கொடுப்பதற்கு முன். இன்சுலின் மாதிரி ஆபத்து அதிகமுள்ள மருந்துகளுக்குப் பல மருத்துவமனைகளில் இரண்டாவது நர்ஸ் தனியாகச் சரிபார்ப்பார். 'தனியாக' என்பதுதான் முக்கியம். "20 தானே?", "ஆமா" என்றால் அது சரிபார்ப்பு இல்லை. அவரே சீட்டைப் படித்து, பாட்டிலைப் பார்த்து, கணக்குப் போடணும். நாம கோடு ரிவ்யூவில் படிக்காமலே ஓகே போடுவோமே, அது அங்கே செல்லாது.

இன்னொன்று: எழுதும்போது 'யூனிட்' என்று முழுசாக எழுதணும். ஆங்கில எழுத்து 'யூ' மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும்.

உங்க வீட்டில் யாராவது இன்சுலின் போட்டால், இன்றைக்கே பாட்டில் லேபிளையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கடைக்குப் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டு போங்க. பொருந்தவில்லை என்றால் நீங்களாக அளவை மாற்றாதீங்க. டாக்டருக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க.

நாங்களும் அதைத்தான் செய்தோம். அவர் அளவை மாற்றவில்லை, சிரிஞ்சை மாற்றச் சொன்னார். சர்க்கரை இறங்கியது. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஊசிக்கா, திட்டினதுக்கா?"ன்னு கேட்டாங்க.

ரெண்டுக்கும்தான் பாட்டி.