வீட்டு வலையமைப்பில் ஊடகச் சேவையகங் காணாமற் போதல்

பாடல்களையும் குடும்ப ஒளிப்பதிவுகளையும் ஒரு கணினியிற் சேமித்து, வீட்டிலுள்ள தொலைக்காட்சிகளுக்கு வலையமைப்பு வழியே வழங்குதல் இன்று பல இல்லங்களிற் காணப்படும் வழக்கமாகும். அங்ஙனம் வழங்குங் கணினியை ஊடகச் சேவையகம் என்பர். நேற்றுவரை திரையிலே தோன்றிய சேவையகம் இன்று தோன்றாதாயின், அதுவே பழுதுற்றதென முடிவுசெய்தல் பலர்க்கும் இயல்பு. யானும் அவ்வாறே எண்ணி, காலஞ்சென்ற தந்தையாரின் குரற்பதிவுகள் இருந்த வட்டினை அழித்து, யாவற்றையும் புதிதாய் நிறுவ முற்பட்டேன். அவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. மாணவன் ஒருவனின் வினாவே என்னைத் தடுத்தது: "சேர், சேவையகத்தின் முகவரியை நேரே அடித்துப் பார்த்தீர்களா?"

மேன்மாடியிலிருந்த மடிக்கணினியில் அவ்வாறே அடித்தேன். பட்டியல் முழுவதும் வந்தது. ஆகவே சேவையகம் நலமே இருந்தது. அதனைக் கண்டுபிடிக்கும் முறையே தவறியது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அறியாமையாலன்றோ வீண்சேதங்கள் நேர்கின்றன!

தொலைக்காட்சி சேவையகத்தின் முகவரியை முன்னரே அறியாது. 239.255.255.250 என்னுங் குழுமுகவரிக்கு, 1900ஆந் துறையில், "யார் உளர்?" என்றொரு பொதியை விடுக்கும். அதைக் கேட்ட சேவையகம் தன் முகவரியை விடையாக அனுப்பும். ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுளெண் உண்டு. ஒரு ரூட்டரைக் கடக்குந்தோறும் அஃது ஒன்றாற் குறையும். குழுமுகவரிப் பொதிக்கு அனுப்புவோர் எண் குறியாவிடின் அது 1 எனக் கொள்ளப்படுதல் வேண்டுமென 1989இல் வெளியான இணைய விதி கூறுகின்றது. எனவே அத்தகைய அழைப்பு முதல் ரூட்டரிலேயே மடியும். சில கருவிகள் 2 அல்லது 4 என இடினும், வீட்டு ரூட்டர்கள் பொதுவாக இவ்வழைப்பை அடுத்த உப வலையமைப்பிற்குக் கடத்துவதில்லை. நேர்முகவரிக்குச் செல்லும் பொதிக்கோ அத்தடை இல்லை.

என் வீட்டிற் காரணம் எளிது. முந்திய வாரம் மேன்மாடிக்கு வாங்கிய இரண்டாவது ரூட்டர் தனியோர் உப வலையமைப்பை உண்டாக்கியிருந்தது. கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் முகவரிகள் தொடங்கின. புதிய ரூட்டர் முகவரி வழங்குவதை நிறுத்தி, அதற்குக் கீழ்வலையமைப்பிற் பிறர்க்கில்லாத ஒரு முகவரியிட்டு, இணையத்துக்குரிய துளையிலிருந்த கம்பியை உள்வலையமைப்புத் துளைக்கு மாற்றினேன். அன்றிரவே தாயார் தம் அறையில் அக்குரலைக் கேட்டார்.

விருந்தினர்க்கோ கண்காணிப்புக் கமராக்களுக்கோ வலையமைப்பை வேண்டுமென்றே பிரித்தோர் இவ்வழியைக் கொள்ளலாகாது. அவர்கள் ரூட்டரில் அழைப்பைக் கடத்தும் மென்பொருளை நிறுவலாம். ஆயின் ஒரு நுட்பம் உண்டு. அழைப்பு குழுமுகவரிக்குச் செல்ல, விடையோ சேவையகத்தின் சொந்த முகவரியிலிருந்து வரும். தீச்சுவர் அதனைக் கேளாத விடையெனக் கருதித் தள்ளக்கூடும். அதற்குத் தனி அனுமதி எழுதுதல் வேண்டும்.

ஒரே உப வலையமைப்பில் இருந்தும், சேவையகஞ் சில நிமிடந் தோன்றிப் பின் மறையுமாயின், ஆராய வேண்டியது ரூட்டரையன்று. குழுவினர் யாரெனக் கணக்கு வைக்கும் சுவிச்சையே ஆகும்.