ஒரு சிகரெட்டுக்கு மூன்றரை சென்ட்: கலையைக் காக்க வரி கேட்ட ஊர்

ஈஸ்டர் நெருங்கினால் கர்நாடக இசை உலகம் கிளீவ்லாந்துக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிடும். 1978-ல் சிறிய அளவில் ஆரம்பித்த தியாகராஜ ஆராதனை, இன்று இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய கர்நாடக இசை விழாக்களில் ஒன்று. மயிலாப்பூர் ரசிகர்களுக்கு அந்த அமெரிக்க ஊரின் பெயர் மனப்பாடம். ஆனால், அந்த ஊர் மக்கள் தங்கள் உள்ளூர்க் கலை அமைப்புகளைக் காப்பாற்ற வாக்குச்சாவடிக்குப் போய் ஒரு வரியையே உருவாக்கினார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு முறை அல்ல, மூன்று முறை அந்த வரிக்கு ‘சரி’ என்று வாக்களித்திருக்கிறார்கள்.

கலைக்குப் பொதுப் பணம் தரலாமா, தந்தால் யார் கையில் தர வேண்டும், எப்படிப் பங்கிட வேண்டும் என்ற கேள்விகள் எழும் ஊர்களிலெல்லாம் கிளீவ்லாந்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதில் பாடமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

ஆலைகள் போன பிறகு

ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது கிளீவ்லாந்து. எஃகு ஆலைகளால் வளர்ந்த நகரம். 1950-ல் அங்கே 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 4 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆலைகள் மூடப்பட்டன, வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். 1978 டிசம்பரில் நகராட்சியால் வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு இப்படிக் கடன் தவறிய முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுதான்.

அப்படி நொடித்துப்போன ஊரில் நொடிக்காமல் நின்றவை கலை நிறுவனங்கள். 1918-ல் பிறந்த கிளீவ்லாந்து சிம்பொனி இசைக்குழு உலகின் தலைசிறந்த குழுக்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1916-ல் திறந்த கலை அருங்காட்சியகத்துக்குள் இன்றும் யாரும் கட்டணமில்லாமல் நுழையலாம். 1915-ல் தொடங்கிய கராமு ஹவுஸ், கறுப்பின மக்களின் நாடகத்தை வளர்த்த அரங்கம். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் நாடகங்கள் அங்கே மேடையேறின. இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றிலும் பேட்டைக்குப் பேட்டை சிறிய நாடகக் குழுக்கள், சிறுவர் இசைப் பள்ளிகள், நடனக் குழுக்கள் இயங்கின. எல்லாமே லாப நோக்கற்ற அமைப்புகள்.

பணக்காரர்களின் நன்கொடையில் இவை நெடுங்காலம் ஓடின. தொழில்கள் போனபோது தொழிலதிபர்களும் போனார்கள். நன்கொடை மெலிந்தது.

டிக்கெட் விற்றால் போதாதா?

‘நல்ல கலையென்றால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காசு வரும். அரசு ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதற்கு 1966-லேயே வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்துவிடலாம். உற்பத்தி பெருகும், கூலியும் உயரும். மேடைக் கலையில் அது நடக்காது. நூறாண்டுக்கு முன்பு ஒரு கச்சேரிக்குப் பாடகர், வயலின், மிருதங்கம் என்று மூன்று பேர் வேண்டும். இன்றும் மூன்று பேர் வேண்டும். விஸ்தாரமான ஒரு ராக ஆலாபனையைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு ‘உற்பத்தித் திறன் கூடிவிட்டது’ என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த மூவரின் வீட்டு வாடகையும் அரிசி விலையும் மற்றவர்களுக்கு ஏறுவதைப் போலத்தான் ஏறுகின்றன. ஆகவே, செலவு ஏறிக்கொண்டே போகும், வரவு பின்தங்கிக்கொண்டே இருக்கும். இந்த இடைவெளி நிர்வாகக் கோளாறால் வருவதில்லை, கலையின் இயல்பிலேயே இருக்கிறது. டிக்கெட் விலையை ஏற்றி அதை அடைக்கப் பார்த்தால் ஏழை ரசிகர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு

கிளீவ்லாந்தை உள்ளடக்கிய கவுன்டி, அதாவது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாக எல்லை, கயஹோகா. அங்கே சுமார் 12 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2004-ல் சொத்து வரியை உயர்த்தி, அந்தப் பணத்தைக் கலைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் செலவிடலாம் என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். கலை அமைப்புகள் சோர்ந்துவிடவில்லை. வேறு வழி தேடின. கிடைத்த வழி சிகரெட்.

2006 நவம்பரில் அந்தக் கேள்வி வாக்குச்சீட்டில் வந்தது. ஒரு சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட், இருபது சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 30 சென்ட், பத்தாண்டுகளுக்கு. வரும் பணம் முழுவதும் கலை, பண்பாட்டுக்கு மட்டும். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே தேர்தலில், அதே வாக்குச்சீட்டில், பணியிடங்களிலும் பொது இடங்களிலும் புகைக்கத் தடை விதிக்கும் மாநிலச் சட்டத்துக்கும் ஒஹையோ மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்.

வரி வந்த தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆண்டுதோறும் சேர்ந்தது. தலைக்குக் கணக்கிட்டால் 15 டாலருக்கும் மேல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அமெரிக்க மத்திய அரசின் தேசியக் கலை அறக்கட்டளைக்கு 2024-ல் ஒதுக்கப்பட்ட தொகை 20 கோடியே 70 லட்சம் டாலர். 33 கோடி மக்கள் வாழும் நாட்டில் அது தலைக்கு ஒரு டாலர்கூட வராது. வாஷிங்டன் தருவதைவிடப் பல மடங்கை ஒரு மாவட்டம் தன் கலைக்குத் தானே தந்துகொண்டது.

பணம் யார் கையில்?

வரி போடுவதைவிடக் கடினமானது பங்கிடுவது. ஆள்வோருக்கு வேண்டியவர், விழா மேடையில் அவர்களைப் புகழ்பவர், தெரிந்தவரின் உறவினர் என்று பணம் போகத் தொடங்கினால், கலை வளராது, காக்கைக் கூட்டம்தான் வளரும். இந்த ஆபத்தை உணர்ந்து கயஹோகா சில வேலிகளைக் கட்டியது.

பணத்தைக் கையாள்வதற்கென்றே தனிப் பொது அமைப்பு ஒன்று உண்டு. அதை ஐந்து அறங்காவலர்கள் நடத்துகிறார்கள். கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன. விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட, அந்தக் கவுன்டிக்கு வெளியிலிருந்து கலைத்துறை அனுபவசாலிகளை அழைக்கிறார்கள். உள்ளூர்ப் பகையும் நட்பும் அவர்களைத் தொடாது. அவர்கள் பேசுவதை விண்ணப்பித்தவரும் கேட்கலாம், வெளியாரும் கேட்கலாம்.

அமைப்புகளுக்கான உதவி இரண்டு வகை. ஒரு விழாவுக்கோ ஒரு நாடகத்துக்கோ தருவது முதல் வகை. இரண்டாவது வகைதான் உயிர்நாடி: அமைப்பின் அன்றாடச் செலவுக்கு, பல ஆண்டுகள் தொடர்ந்து தருவது. வாடகை, மின்கட்டணம், கணக்கரின் சம்பளம், ஒத்திகைக் கூடத்தின் கூரை பழுது ஆகியவற்றுக்கு எந்த நன்கொடையாளரும் காசு தர முன்வருவதில்லை. பெயர்ப் பலகை வைக்க அங்கே இடமில்லை. ஆனால், அவை இல்லாவிட்டால் விழாவும் இல்லை, நாடகமும் இல்லை. இந்தத் தொகை சூத்திரப்படி கணக்கிடப்படுகிறது. பெரிய அமைப்புக்குத் தொகை பெரிது, ஆனால் அதன் மொத்தச் செலவில் அது சிறு பங்கு. சிறிய அமைப்புக்குத் தொகை சிறிது, ஆனால் அதன் செலவில் பெரும் பங்கு. சிம்பொனிக்கும் பேட்டை நாடகக் குழுவுக்கும் ஒரே அளவுகோல்.

சண்டையே வரவில்லை என்று சொல்ல முடியாது. தனிக் கலைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் மாற்றத்துக்கு உள்ளானபோது கலைஞர்கள் பொதுக் கூட்டங்களுக்கு வந்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். கதவு திறந்திருந்ததால்தான் அந்தக் கேள்விகள் உள்ளே வர முடிந்தது.

வரி தொடங்கியதிலிருந்து 20 கோடி டாலருக்கும் மேல் நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்குப் போயிருக்கிறது. 2015-ல் வரியை நீட்டிக்கலாமா என்று கேட்டபோது நான்கில் மூன்று பங்கினர் ‘நீட்டிக்கலாம்’ என்றார்கள்.

வற்றும் ஊற்று

இனி எச்சரிக்கை. புகைப்பது குறையக் குறைய வரியும் குறைந்தது. தொடக்கத்தில் வந்ததில் ஏறத்தாழ பாதிதான் பின்னாளில் வந்தது. ஊரின் உடல்நலத்துக்கு நல்ல செய்தி, கலை அமைப்புகளின் கல்லாவுக்குக் கெட்ட செய்தி. ஒன்று நலம் பெற்றால் மற்றொன்று நலிய வேண்டும் என்ற ஏற்பாடு நிலைக்க முடியாது. 2024 நவம்பரில் வரியை ஒரு சிகரெட்டுக்கு மூன்றரை சென்டாக, பாக்கெட்டுக்கு 70 சென்டாக உயர்த்த மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். இப்போதைக்கு மூச்சு வந்திருக்கிறது. நோய் தீரவில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அமெரிக்காவில் புகைப்பவர்களில் ஏழைகளின் பங்கு அதிகம். சிம்பொனி அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் வசதி படைத்தவர்களின் பங்கு அதிகம். ஏழையின் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் பொதுவான கலையை நடத்துவது நியாயமாகாது. வரியை எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும்.

அதைச் செய்து காட்டியது கொலராடோ மாநிலத்தின் டென்வர். 1982-ல் மாநில அரசு அங்குள்ள அருங்காட்சியகங்களுக்குத் தந்துவந்த பணத்தை நிறுத்தியது. கட்டணம் வைக்க வேண்டியதாயிற்று, வருகை சரிந்தது. 1988-ல் சுற்றுவட்டாரக் கவுன்டிகள் ஒன்றுசேர்ந்து ஒரு வரியை வாக்கெடுப்புக்கு விட்டு வென்றன. பொருள்கள் வாங்கும்போது ஒவ்வொரு 10 டாலருக்கும் 1 சென்ட். யாருக்கும் பாரமில்லை. எல்லோரும் கொடுப்பதால் ஊற்று வற்றுவதுமில்லை. பெரிய நிறுவனங்கள், நடுத்தர அமைப்புகள், சிறிய குழுக்கள் என்று மூன்று அடுக்காகப் பிரித்து, சிறிய குழுக்களுக்கான பங்கை அந்தந்தக் கவுன்டியின் பண்பாட்டுக் குழுவே முடிவு செய்கிறது. இன்று சுமார் 300 அமைப்புகள் இதில் பயன் பெறுகின்றன. கட்டணமில்லாத நாள்களில் மிருகக்காட்சி சாலையிலும் அருங்காட்சியகத்திலும் குடும்பம் குடும்பமாக மக்கள் நுழைகிறார்கள். 1994, 2004, 2016 என்று கேட்டபோதெல்லாம் டென்வர் மக்கள் வரியைப் புதுப்பித்தார்கள்.

மேலிடம் கைவிட்ட வேளை

2025 மே மாதம், அமெரிக்க அதிபர் ட்ரம்ப் தன் பட்ஜெட் யோசனையில் தேசியக் கலை அறக்கட்டளையையே மூடிவிடலாம் என்றார். அன்றிரவே நாடு முழுவதும் ஏராளமான கலை அமைப்புகளுக்கு, ஏற்கெனவே அறிவித்த நிதி ரத்தாகிறது என்று மின்னஞ்சல் வந்தது. நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு நின்ற சின்னஞ்சிறு குழுக்கள் திகைத்துப்போயின. ஒருவர் கையெழுத்தில் வருவது இன்னொருவர் கையெழுத்தில் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மக்கள் வாக்களித்து, கலைக்கென்றே ஒதுக்கிவைத்த உள்ளூர் வரியை வாஷிங்டனிலிருந்து வரும் ஒரு மின்னஞ்சலால் தொட முடியாது.

ஆகவே தீர்ப்பு தெளிவு. கலைக்கான பொதுப் பணம் மக்களின் ஒப்புதலோடு வர வேண்டும். அதன் சுமை எல்லோர் தோளிலும் விழ வேண்டும். பங்கீடு திறந்த கதவுக்குள் நடக்க வேண்டும். விழாவுக்கு மட்டுமல்ல, விழா இல்லாத நாளின் வாடகைக்கும் அது பயன்பட வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இங்கே ஒரு சொல். நீங்கள் நடத்தும் தமிழ்ச் சங்கங்களும் நடனப் பள்ளிகளும் பறைக் குழுக்களும் பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவானவையே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நமக்குள் வசூலித்து, நமக்குள் கொண்டாடிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கவுன்டியில் கலைக்கு நிதி வழங்கும் பொது அமைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். விண்ணப்பம் போடுங்கள். பொதுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். மதிப்பெண் போடும் குழுவுக்கு ஆள் கேட்டால் பெயர் கொடுங்கள். கலைக்கான வரி வாக்குச்சீட்டில் வந்தால், குடியுரிமை பெற்றவர்கள் தவறாமல் வாக்களியுங்கள். அந்தப் பணத்தில் உங்கள் வரியும் இருக்கிறது. பறைக்கும் பரதத்துக்கும் அதில் உரிமை உண்டு, கேட்டுப் பெறுங்கள்.