மேடை மனிதர்கள் – 17: இரண்டே நாடகம்

அந்த வீட்டில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பக்கம் கோபன்ஹேகன் நகரத்து மாலைக் காட்சி; திருப்பினால் கார்ல் மார்க்ஸ். வாசலில் வந்து நிற்பது யார் என்று பார்த்துக்கொண்டு படத்தைத் திருப்பினால் போதும். 1925 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோவில், மெயர்ஹோல்ட் நாடக அரங்கில் இதைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புரட்சி முடிந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒரு படம் பலருடைய வீட்டிலும் தொங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நாடகத்தின் பெயர் ‘மண்டாத்’. அதிகாரப் பத்திரம் என்று பொருள் கொள்ளலாம். எழுதிய நிகோலாய் எர்ட்மானுக்கு அப்போது வயது 24. பால்டிக் ஜெர்மானியத் தகப்பனாருக்கு மாஸ்கோவில் பிறந்தவர். அண்ணன் போரிஸ் அரங்க வடிவமைப்பாளர். செம்படையில் கொஞ்ச நாள், யெசேனின் இருந்த கவிஞர் கூட்டத்தில் கொஞ்ச நாள், கேளிக்கை மேடைகளுக்குத் துணுக்கு நாடகம் எழுதிக் கொஞ்ச நாள் என்று சுற்றியவர். லேசாகத் திக்குவாய். குதிரைப் பந்தயப் பைத்தியம்.

‘மண்டாத்’ கதை நமக்கு எளிதில் புரியும். பெண்ணுக்கு வரன் வருகிறது. பழைய காலத்து மனுஷரான மாப்பிள்ளையின் அப்பா கேட்கும் வரதட்சணை ஒரு கம்யூனிஸ்ட். நாளைக்கு ஆபத்து என்றால் காப்பாற்றக் கட்சிக்காரச் சம்பந்தி ஒருவர் வேண்டுமாம். பெண்ணின் அண்ணன் குல்யாச்கினுக்குக் கட்சியில் இடமில்லை. ஆனாலும் ஒரு பத்திரத்தைக் காட்டி ஊரையே மிரட்டுகிறான். கடைசியில் வாசித்துப் பார்த்தால், இன்ன விலாசத்தில் இவர் குடியிருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி அது. அவ்வளவுதான். குல்யாச்கினாக எராஸ்த் காரினும் தங்கையாக இயக்குநர் மெயர்ஹோல்டின் மனைவி ஸினயீதா ராய்ஹும் நடித்தார்கள். ஒரே நாடகத்தில் எர்ட்மான் ஊரறிந்த ஆளாகிவிட்டார்.

அடுத்தது 1928-ல் எழுதி முடித்த ‘தற்கொலை’. அந்த நூற்றாண்டின் ரஷ்ய நாடகங்களில் இதற்கு மேல் நான் எதையும் வைக்க மாட்டேன்.

வேலையில்லாத பத்சேக்கால்னிகோவ் நடு ராத்திரியில் பசியோடு விழித்துக்கொள்கிறான். பகலெல்லாம் உழைத்துவிட்டுத் தூங்கும் மனைவியை எழுப்பி, மிச்சம் வைத்த ஈரல் சாஸேஜ் எங்கே என்று கேட்கிறான். பேச்சு சண்டையாகிறது. கோபித்துக்கொண்டு எழுந்து போனவன் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறான் என்று மனைவி பயந்து அக்கம்பக்கத்தைக் கூட்டுகிறாள். அவனுக்கு அந்த எண்ணமே இல்லை. எல்லோரும் கெஞ்சிய பிறகுதான் எண்ணம் வருகிறது! நடுவில் டியூபா ஊதக் கற்றுக்கொண்டு கச்சேரி செய்து பிழைக்கலாம் என்று ஒரு நப்பாசை. கற்றுத்தரும் புத்தகமோ முதலில் ஒரு பியானோ வாங்கச் சொல்கிறது.

செய்தி பரவியதும் வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது. எப்படியும் சாகப் போகிறாய், எங்களுக்காகச் சாகக் கூடாதா என்று அறிவுஜீவி ஒருவர் வருகிறார். மதத்துக்காக என்று பாதிரியார், வியாபாரத்துக்காக என்று கசாப்புக்காரர், கலைக்காக என்று எழுத்தாளர், காதலுக்காக என்று இரண்டு பெண்கள். பக்கத்து வீட்டுக்காரன் எல்லோரிடமும் காசு வசூலிக்கிறான். தங்களால் வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல எல்லோருக்கும் ஒரு பிணம் தேவைப்படுகிறது. வழியனுப்பு விருந்தில் குடித்துவிட்டுப் பத்சேக்கால்னிகோவ் கிரெம்ளினுக்குத் தொலைபேசி போடுகிறான். மார்க்ஸைப் படித்தேன், பிடிக்கவில்லை என்கிறான். சாகப் போகிறவனுக்கு என்ன பயம்? அவன் வாழ்க்கையில் சுதந்திரமாக இருந்த ஒரே நிமிடம் அது. கடைசியில் அவனுக்குச் சாகத் துணிவில்லை. சவப்பெட்டியிலிருந்து எழுந்து பசிக்கிறது என்கிறான். இதோடு விட்டிருந்தால் கேலி நாடகம். ஆனால் அவனுடைய சாவை நிஜம் என்று நம்பிய வேறொரு இளைஞன் உண்மையிலேயே சுட்டுக்கொண்டு செத்துப்போனான் என்ற செய்தியோடு திரை விழுகிறது.

இந்த நாடகத்துக்காக, கலையில் எதிரெதிர்த் துருவங்களான இயக்குநர்கள் மெயர்ஹோல்டும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் போட்டி போட்டார்கள். கோகலோடு ஒப்பிட்டுப் பேசிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, அனுமதி கேட்டு 1931-ல் ஸ்டாலினுக்கே எழுதினார். நாடகத்தைப் பற்றித் தனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை, ஆனாலும் முயன்று பார்க்கத் தடை சொல்லவில்லை என்று பதில் வந்தது. 1932 ஆகஸ்டில், இகோர் இலீன்ஸ்கி பத்சேக்கால்னிகோவாக நடிக்க, ககனோவிச் தலைமையில் வந்த கட்சிக்காரர்களுக்கு மெயர்ஹோல்ட் தனிக் காட்சி போட்டார். அத்தோடு நாடகம் முடக்கப்பட்டது.

மறு வருடம் அக்டோபரில், கருங்கடலோர ககிராவில், அவர் எழுதிய ‘வெஸ்யோலியே ரெப்யாத்தா’ படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது எர்ட்மானைக் கைது செய்தார்கள். காரணம், அவரும் விளாதிமிர் மாஸும் எழுதிய நையாண்டி நீதிக்கதைகள். கிரெம்ளின் விருந்து ஒன்றில் நடிகர் ஒருவர் போதையில் அவற்றை ஸ்டாலின் முன்னாலேயே ஒப்பித்தார் என்று கதை சொல்வார்கள். படம் 1934 டிசம்பரில் வெளிவந்தபோது எழுத்தாளர் பெயர்கள் அதில் இல்லை.

எர்ட்மானுக்கு மூன்று வருட நாடுகடத்தல், சைபீரியாவின் யெனிசேய்ஸ்கில். ரஷ்ய இலக்கியத்தில் மாமின்-சிபிரியாக் என்றொரு நாவலாசிரியர் உண்டு. அந்தப் பெயரைப் பிரித்தால் ‘அம்மாவின் சைபீரியன்’. தாயாருக்கு எழுதிய கடிதங்களில் எர்ட்மான் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். அவரைக் காதலித்த, மாஸ்கோ கலை அரங்கின் நடிகை அங்கெலீனா ஸ்தெபனோவா 1934-ல் அத்தனை தூரமும் பயணம் செய்து பார்த்துவிட்டு வந்தார். பெரிய இடங்களில் மன்றாடி, அவரைத் தோம்ஸ்க் நகரத்துக்கு மாற்றவும் வைத்தார். பின்னாளில் அந்தப் பெண்மணி மணந்தது எழுத்தாளர் சங்கத் தலைவர் ஃபதேயெவை. 1956-ல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தாரே, அதே ஃபதேயெவ்.

தண்டனை முடிந்தும் மாஸ்கோவில் குடியிருக்கத் தடை. கலீனின், ரியாஸான் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு சினிமாவுக்கு எழுதினார். அப்படி அவர் எழுதி 1938-ல் வந்த ‘வோல்கா வோல்கா’ ஸ்டாலினுக்கு மிகவும் பிடித்த படம். அதில் மூட அதிகாரியாக நடித்து நாட்டையே சிரிக்கவைத்தவர், பத்சேக்கால்னிகோவை மேடையேற்ற முடியாமல் போன அதே இலீன்ஸ்கி. மெயர்ஹோல்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1939-ல் கைதாகி, 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர்க்காலத்தில், பிடித்துக்கொண்டு போன அதே ரகசியப் போலீஸின் ஆடல் பாடல் குழுவுக்கு எழுத எர்ட்மானை அழைத்தார்கள். சீருடை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், தன்னைப் பிடிக்க மறுபடியும் ஆள் வந்துவிட்டது போலிருக்கிறதே என்றாராம். 1951-ல் ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. எதற்கு? ‘ஸ்மேலியே லியூதி’ என்ற குதிரைப் படத்துக்கு. பந்தய மைதானத்தில் விட்ட காசெல்லாம் ஒருவகையில் வசூலாயிற்று.

எர்ட்மான் பயந்து அடங்கிவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கார்ட்டூன் எழுதினார், ‘மரோஸ்கோ’ என்ற தேவதைக் கதைப் படம் எழுதினார். ஆனால் அரசாங்கத்துக்குப் பிடித்த மாதிரி மூன்றாவதாக ஒரு நாடகம் எழுதி மேடைக்கு அனுப்பவில்லை. வாய்ப்பும் தேவையும் இருந்தன, அவர்தான் எழுதவில்லை.

போலீஸ் குழுவில் நிகழ்ச்சி தொகுத்து வழங்கிய யூரி லியூபிமோவ் 1964-ல் தாகான்கா அரங்கைத் தொடங்கியபோது, எர்ட்மான் அங்கே மூத்த ஆலோசகராகப் போய் உட்கார்ந்தார். ‘தற்கொலை’ 1969-ல் முதன்முதலாக மேடையேறியது. மாஸ்கோவில் அல்ல, ஸ்வீடனில். அடுத்த வருடம் ஆகஸ்ட் 10 அன்று எர்ட்மான் காலமானார். மெயர்ஹோல்டிடம் பயின்ற பிளூச்செக் 1982-ல் மாஸ்கோவில் அதை மேடையேற்றினார். சீக்கிரமே அதையும் நிறுத்திவிட்டார்கள். சோவியத் பத்திரிகையில் அச்சானது 1987-ல்.

1938 பிப்ரவரியில், எர்ட்மானின் நிலையைக் கொஞ்சம் தளர்த்தும்படி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார் ஒரு நண்பர். அந்த நண்பருடைய நாடகங்கள் பலவும் அப்போது முடங்கித்தான் கிடந்தன. பெயர் மிகயில் புல்காகோவ். அடுத்த வாரம் அவர்.

(தொடரும்)